16 பிட் கிளிப்பர் கூலிக் கணக்கு விண்டோஸ் 11ல் ஓட வழி உண்டா?

மேட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கம்பம். பொழப்பு மேட்டுக்கு மேல, வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துல கணக்குப்பிள்ளை. வெள்ளன ஆளுக ஏறுற ஜீப்புல நானும் தொத்திக்கிட்டு கம்பமெட்டு ஏறுவேன், இருட்டுன பெறகு இறங்குவேன். கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது. ஆனா ஒரே ஒரு புரோகிராமை மட்டும் 19 வருசமா தட்டிக்கிட்டு இருக்கேன். அது இப்ப நின்னு போச்சு. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

புரோகிராம் பேர் கூலி. எங்க சித்தப்பா 1993ல, விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்து மொழியான கிளிப்பர்ல எழுதினது. அவரு எனக்கு முன்னாடி இதே தோட்டத்துல கணக்கு பார்த்தவர். மதுரைக்குப் போய் ஆறு மாசம் படிச்சுட்டு வந்து எழுதினார். நீலத் திரை, வெள்ளை எழுத்து. இங்கிலீஷ் எழுத்துல தமிழ் வார்த்தையா அஞ்சு வரி: பேர்ப்பதிவு, எடை, வாரக்கணக்கு, சிலிப், போனஸ். மவுசே வேணாம். சனிக்கிழமை மத்தியானம் 142 பேருக்குச் சிலிப் அடிக்க முக்கால் மணி நேரம் ஆகும், அதுல பாதி நேரம் பிரிண்டர் கத்துற நேரம்.

ஐப்பசி இடி எங்க பக்கம் எப்பிடின்னு இடுக்கிக்காரங்களுக்குத் தெரியும். சேட்டன்மார் துலாவர்ஷம்னு சொல்லுவாங்க. காலையில பளிச்னு வெயில், மூணு மணிக்கு மேல மலையே பொளக்கும். அப்பிடி ஒரு சாயங்காலம் ஆபீஸ் கம்ப்யூட்டர் போர்டு கருகிருச்சு. அது விண்டோஸ் 7. ஹார்ட் டிஸ்க் தப்பிச்சுது. கூலி இருந்த ஃபோல்டர் பூராம் பென்டிரைவ்ல எடுத்துட்டேன். மொத்தமே 11 எம்பிதான்!

முதலாளி புது லேப்டாப் வாங்கிக் குடுத்தார், விண்டோஸ் 11. ஃபோல்டரைப் போட்டுக் கூலியைத் தட்டுனா, இது உன் கம்ப்யூட்டர்ல ஓடாது, சாஃப்ட்வேர் குடுத்தவங்களைக் கேளுங்கிற மாதிரி ஒரு பொட்டி வருது. குடுத்தவரு 2011ல செத்துப் போயிட்டாரு.

கட்டப்பனையில ஒரு கடைப் பையன் பழைய டாஸ் புரோகிராமை ஓட்ட டாஸ்பாக்ஸ்னு ஒண்ணு போட்டுக் குடுத்தான். நீலத் திரை வந்துருச்சு, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஆனா சிலிப்னு குடுத்தா பிரிண்டர் அசையமாட்டேங்குது. அப்புறம் எடை ரூம்ல ஒரு பழைய எக்ஸ்பி மெஷின் இருக்கு, பச்சைக்காய் எடை அங்கிருந்து நேரா இதே ஃபைலுக்கு வரும். இப்ப அது லேப்டாப்பைப் பார்க்கவே மாட்டேங்குது. இண்டெக்ஸ்ல கோளாறுன்னு வேற ஒரு நாள் சொல்லுச்சு.

அந்தப் பையனே, இதெல்லாம் எதுக்குண்ணே, எக்செல்ல போட்டுத் தர்றேன்னு ஒரு ஷீட் போட்டுக் குடுத்தான். நல்ல பையன், அவனைக் குறை சொல்லல. அந்தச் சனிக்கிழமை எக்செல்ல கூலி போட்டோம். வரிசையில மூணாவதா நின்ன அக்கா சிலிப்பை வாங்கிப் பார்த்தாங்க. முந்திச் சேலையில முடிஞ்சு வச்சிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து, போன வாரச் சிலிப்பைப் பிரிச்சு மேசையில வச்சு, கீழ வலது ஓரத்துல விரலை வச்சாங்க. "மூணு ரூவா இருவது காசு நிக்கிதே, அது எங்க?"

அந்த இடத்துல எப்பவும் ஒரு நம்பர் இருக்கும். 3.20, 0.80, 4.10 அப்பிடி. பக்கத்துல பேர் ஒண்ணும் இருக்காது. ஏதோ சீரியல் நம்பர்னு நெனச்சுக்கிட்டு 19 வருசம் ஓட்டிட்டேன். 142 பேருக்கும் அது என்னன்னு தெரியும். கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது.

கூலியை அஞ்சு ரூவாய்க்குக் கீழ இறக்கிக் குடுத்துட்டு, மிச்சத்தை அவங்க பேர்ல நிறுத்தி வச்சு, அடுத்த வாரக் கூலியோட சேர்க்குது. அந்த அக்காவுக்கு இந்த வாரக் கூலி 2,737.60. நின்ன 3.20 சேர்த்தா 2,740.80. அப்ப 2,740 குடுத்துட்டு 80 காசு நிக்கணும். எக்செல் 2,738 குடுத்துச்சு. ரெண்டு ரூவாதானேன்னு பையன் சொன்னான். அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்னைக்குக் கூலி குடுத்து முடிக்க ஏழு மணி ஆச்சு, ஜீப்பு போயிருச்சு.

கேள்வி இதுதான். ஒண்ணு, இந்தப் புரோகிராமை அப்பிடியே புது லேப்டாப்ல பிரிண்டரோட ஓட்ட முடியுமா? ரெண்டு, அது முடியலைன்னா, உள்ள சித்தப்பா என்னென்ன கணக்கு வச்சிருக்காருன்னு எப்பிடித் தெரிஞ்சுக்கிறது? எழுதின மூலம் கிடையாது. ஓடுற ஃபைலு, எக்ஸ்இ மட்டும்தான் இருக்கு.

அண்ணாநகர்_விக்கி:

ப்ரோ, 1993 சாஃப்ட்வேரை 2025ல ஓட்டணும்னு ஏன் அடம்? டேலி போடுங்க, இல்ல ஏதாவது பேரோல் ஆப் மாசச் சந்தா கட்டி வாங்குங்க. சென்டிமென்ட் பார்த்தா பிசினஸ் நடக்காது.

மேட்டுக்காரன்:

விக்கி தம்பி, சொல்றது வாஸ்தவம். ஆனா மூணு ரூவா இருவது காசை ஆள் பேர்ல நிறுத்தி வைக்கச் சொல்லி எந்த ஆப்புக்கு நான் சொல்றது? அந்த விதி எனக்கே போன சனிக்கிழமைதான் தெரியும். இதே மாதிரி இன்னும் என்னென்ன உள்ள கிடக்குதோ.

நகரி_தறிக்காரன்:

அண்ணே, நமக்கு நகரி. ஆந்திரான்னாலும் வீட்டுல தமிழ்தான். தறிக்கூலிக் கணக்கு, கிளிப்பர் மாதிரியே பழைய மொழியான ஃபாக்ஸ்புரோ 2.6ல ஓடுது நம்ம கிட்ட, பீஸ் கணக்குல. நீங்க பட்ட பாடு நானும் பட்டேன்.

காரணத்தை முதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி அந்த செட்டிங்கை மாத்து, கம்பேட்டிபிலிட்டியைத் தட்டுன்னு ஆளாளுக்குச் சொல்லி நேரம் போயிடும். உங்க புரோகிராம் டாஸ் காலத்து 16 பிட். அதை ஓட்டுறதுக்கு விண்டோஸ் உள்ள என்டிவிடிஎம்னு ஒண்ணு இருந்துச்சு. அது 32 பிட் விண்டோஸ்ல மட்டும்தான். 64 பிட்ல எப்பவுமே கிடையாது, விண்டோஸ் 7 காலத்துலயும் கிடையாது. உங்க பழைய மெஷின் 32 பிட்டா இருந்திருக்கும், அதான் ஓடுச்சு. விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட் வந்துச்சு. 11 வெறும் 64 பிட்தான். அதனால எந்த பட்டனைத் தட்டினாலும் நேரா ஓடாது. 32 பிட் விண்டோஸ் 10 போட்டுக்கலாமேன்னு யாராச்சும் சொல்வாங்க. 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சு.

நான் செஞ்சது, விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதுக்குள்ள பழைய எக்ஸ்பியை ஏத்திக்கினேன். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர். எக்ஸ்பிக்கு நெட் கொடுக்கல, அறுத்து விட்டுட்டேன். நாலு வருசமா ஓடுது. கரெண்டு போனா மட்டும் பயம், எங்க ஊர்ல அது எப்ப போவும்னு தெரியாது. யுபிஎஸ் இல்லாம இத்த செய்யாதீங்க.

பிரிண்டர் என்ன மாடல்? டாட் மேட்ரிக்ஸ்தானே? இங்க்ஜெட்டு, லேசர்னா வேற கதை.

மேட்டுக்காரன்:

டாட் மேட்ரிக்ஸ்தான் தம்பி. டிவிஎஸ் 80 காலம். கார்பன் வச்ச பேப்பர். யுஎஸ்பி கேபிள்ல லேப்டாப்போட மாட்டியிருக்கு, நோட்பேட்ல இருந்து அடிச்சா அடிக்குது.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:

வணக்கம். 1990களில் கோவையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிபேஸும் கிளிப்பரும் சொல்லிக் கொடுத்தவள் நான். இப்போது பாலக்காட்டுப் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். உங்கள் சித்தப்பாவைப் போல எத்தனையோ பேர் ஆறு மாதம் படித்துவிட்டுப் போய் அரிசி ஆலைக்கும் சீட்டுக் கம்பெனிக்கும் கணக்கு எழுதினார்கள். அவர்களில் ஒருவருடைய எக்ஸ்இ இன்னும் கூலி போடுகிறது என்பதைப் படித்து இன்று காலை காபி ஆறிப்போனது.

முதல் வேலை: அந்த 11 எம்பி ஃபோல்டரை மூன்று இடத்தில் நகல் எடுங்கள். ஒன்று உங்கள் கம்பம் வீட்டில் இருக்கட்டும். இனி நான் சொல்வது எதையும் அசலில் செய்யாதீர்கள்.

இரண்டாவது, அது உண்மையிலேயே கிளிப்பரா என்று பார்ப்போம். ஃபோல்டரில் டிபிஎஃப் என்று முடியும் கோப்புகள் இருக்கும். அவை டேட்டா; டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ மூன்றுக்கும் பொது. அடையாளம் இண்டெக்ஸில்தான், அதாவது டேட்டாவில் ஆளைத் தேடிப் பிடிக்க உதவும் பட்டியல் கோப்பில். என்டிஎக்ஸ் என்று முடிந்தால் கிளிப்பர். ஐடிஎக்ஸ், சிடிஎக்ஸ் என்றால் ஃபாக்ஸ்புரோ. என்டிஎக்ஸையும் என்டிஎக்ஸுக்கு அண்ணனான டிபேஸ் 3இன் என்டிஎக்ஸையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று எழுத வந்தேன், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது! நடு எழுத்து டி ஆங்கிலத்தில் 'டீ'யாக, அதாவது டேபிளின் முதல் எழுத்தாக இருந்தால் கிளிப்பர். டேட்டாவின் முதல் எழுத்தாக இருந்தால் டிபேஸ்.

அடுத்து ஓட்டுவது. டாஸ்பாக்ஸ் நல்ல சாமான், ஆனால் பழைய விளையாட்டுகளுக்காகச் செய்தது. இரண்டு மெஷின் ஒரே கோப்பைத் திறக்கும்போது நீ எழுது, நான் காத்திருக்கிறேன் என்று ஒன்றுக்கொன்று பூட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். அதில் அந்தப் பூட்டை நம்ப முடியாது. இண்டெக்ஸ் கெட்டது அதனால்தான் இருக்கும். நீங்கள் விடாஸ் என்பதைப் பாருங்கள். டாஸில் ஓடிய அலுவலகப் புரோகிராம்களுக்கென்றே செய்த சின்ன நிரல். விளையாட்டு, படம் எல்லாம் அதில் வராது. நீலத் திரையும் வெள்ளை எழுத்தும் நன்றாக வரும். உங்களுக்கு அதுதானே வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸும் சரியான வழிதான், ஆனால் உங்களுக்கு இன்னொரு விண்டோஸைக் காவல் காக்கும் வேலை கூடும்.

பிரிண்டருக்கு வருகிறேன், இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். உங்கள் புரோகிராம் எல்பிடி1 என்ற பழைய போர்ட்டுக்குத்தான் அனுப்பும். அதற்கு யுஎஸ்பி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. விண்டோஸில் அந்த பிரிண்டரை ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்ற டிரைவரில் இன்னொரு தடவை சேர்த்து, ஒரு சின்னப் பெயர் வைத்து ஷேர் செய்யுங்கள். சிலிப் என்று பெயர் வைத்தாலே போதும். எல்பிடி1க்கு வருவதை ஒரு கோப்பில் எழுதவைத்து, அந்தக் கோப்பை காப்பி கட்டளையில் ஸ்லாஷ் பி போட்டு அந்த ஷேர் பெயருக்கு அனுப்பினால், ஒரு எழுத்து மாறாமல் போய்ச் சேரும்.

ஒரு எழுத்து மாறாமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிலிப்பில் எழுத்து நெருக்கமாக, சின்னதாக இருக்குமே? அது 15 என்ற எண்ணுடைய குறியை பிரிண்டருக்கு அனுப்பினால் வருவது. 18 அனுப்பினால் பழையபடி பெரிதாகும். நோட்பேடில் திறந்து அடித்தால் அந்தக் குறிகள் காணாமல் போய் வரி உடைந்து வரும். ஸ்லாஷ் பி இல்லாமல் காப்பி செய்தால், நடுவில் 26 என்ற குறி இருந்தால் கோப்பு முடிந்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடும்.

எடை ரூம் எக்ஸ்பி லேப்டாப்பைப் பார்க்காததற்குக் காரணம் வேறு. எக்ஸ்பிக்குத் தெரிந்த ஃபைல் ஷேரிங் முறை எஸ்எம்பி 1 மட்டும். விண்டோஸ் 11ல் அது பாதுகாப்பு கருதி மூடியிருக்கும். திறக்க வழி இருக்கிறது. நான் திறக்கச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, உள்ளே என்ன கணக்கு என்ற கேள்வி. டிபிஎஃப் கோப்பின் நகலை லிப்ரே ஆபீஸ் கால்கில் திறந்து பாருங்கள். சேமிக்காதீர்கள், பார்க்க மட்டும். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் பெயர் இருக்கும். பத்து எழுத்துக்கு மேல் வைக்க முடியாது, அதனால் குறுக்கியிருப்பார். எழுதினவர் என்ன நினைத்தார் என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும். ஃபோல்டரில் மெம் என்று முடியும் கோப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மேட்டுக்காரன்:

டீச்சர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். என்டிஎக்ஸ்தான், நடுவுல டேபிள் டீ.

ஆளுக ஃபைலைத் திறந்தேன். 23 பத்தி. பேர், அப்பன் பேர், ஊர், சேர்ந்த தேதி, அட்வான்ஸ்... 17வது பத்தி தலைப்பு சில்லறைன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. அந்த அக்கா பேருக்கு நேரா 3.20. சத்தியமா உடம்பு சிலிர்த்துருச்சு.

மெம் ஃபைல் ஒண்ணு இருக்கு. தேதி 2010 மார்ச். நோட்பேட்ல பார்த்தா ஒரே கிறுக்கலா வருது, நடுவுல ரவுண்டுன்னு ஒரு வார்த்தை மட்டும் தெரியுது.

இன்னொண்ணு. சேர்ந்த தேதிப் பத்தியில ஒரு கூத்து. போன வருசம் வந்து சேர்ந்த பிள்ளைக்கு 1924ன்னு கிடக்கு. ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு இல்ல, எண்ணிப் பார்த்தேன், 61 பேருக்கு இப்பிடி இருக்கு. லிப்ரே ஆபீஸ் தப்பாக் காட்டுதா?

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:

மெம் கோப்பு என்பது புரோகிராம் தன் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளும் குறிப்பேடு. பெயர் எழுத்தாகத் தெரியும், மதிப்பு எண் வடிவில் மறைந்திருக்கும். உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்த ரவுண்டுதான் உங்கள் ஐந்து ரூபாய். 1993ல் ஐந்தாக இருந்திருக்காது. கூலி ஏறியபோது எக்ஸ்இயைத் தொடாமலே மாற்ற வசதியாக வெளியில் வைத்திருக்கிறார். ஆறு மாதம் படித்தவர் செய்கிற வேலையில்லை இது. பழைய கார்பன் சிலிப் இருந்தால் 2010க்கு முந்தையதை எடுத்துப் பாருங்கள்.

தேதியை லிப்ரே ஆபீஸ் சரியாகத்தான் காட்டுகிறது. டிபிஎஃபில் தேதி எப்போதும் நான்கு இலக்க வருடத்தோடு எட்டு இலக்கமாகவே இருக்கும். தவறு உள்ளே போகும்போதே நடந்திருக்கிறது. திரையில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தானே தட்டுகிறீர்கள்? வேறு மாதிரி சொல்லாவிட்டால் கிளிப்பர் அதை 1900களில் வைத்துக்கொள்ளும். செட் எபோக் என்று ஒரு வரி, 1950 என்று கொடுத்திருந்தால் 24ஐ 2024 என்று எடுத்திருக்கும். 1993ல் எழுதியவருக்கு அது தோன்றவில்லை. நானும் அந்த வருடங்களில் என் மாணவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. 29-02-00 என்று அடித்தால் உங்கள் புரோகிராம் ஏற்காது, சோதித்துப் பாருங்கள். 2000 லீப் வருடம், 1900 இல்லை.

அந்தத் தேதியை வைத்து புரோகிராம் என்ன செய்கிறது? வாரக்கணக்கில் தேவைப்படாது. போனஸ்?

மேட்டுக்காரன்:

ஐயோ டீச்சர்.

போனஸ் பட்டியல் சேர்ந்த தேதி வரிசையில அடிக்கும். சீனியாரிட்டி. அந்த வரிசையிலதான் தீபாவளிக்குப் பேர் கூப்பிட்டுக் குடுப்போம். நீங்க சொன்னதும் பீரோவுல இருந்து போன தீபாவளி கார்பன் காப்பியை எடுத்தேன். முதல் பேரு 2000த்துல சேர்ந்த ஆளு. அப்புறம் 2003, 2007ன்னு வந்து, போன வருசம் வந்த பிள்ளை 61வது. அதுக்குக் கீழதான் 1986ல சேர்ந்தவங்களே ஆரம்பிக்கிறாங்க!

நாங்க என்ன நெனச்சோம்னா, புதுசா வந்தவங்க மனசு கோணக்கூடாதுன்னு சித்தப்பா அப்பிடி வச்சிருக்காருன்னு. முதலாளி ஒரு தடவை அதைப் பெருமையா வெளியில சொல்லி நான் கேட்டிருக்கேன்.

1986ல சேர்ந்தவங்கதான் நான் முதல்ல சொன்ன சிலிப்பு அக்கா. இன்னைக்கு அவங்ககிட்டயே கேட்டேன், ஏன்க்கா இத்தனை வருசத்துல ஒரு தடவை கூட என்னை ஏன் பின்னாடி கூப்பிடுறீங்கன்னு கேக்கலைன்னு. காசு சரியா வருதுல்ல, எப்பக் கூப்பிட்டா என்னன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

பழைய சிலிப்பும் பார்த்தேன். 2010 பிப்ரவரி வரைக்கும் ஒரு ரூவா கணக்குல இறக்கியிருக்கு. மார்ச் மாசத்துல இருந்து அஞ்சு.

நகரி_தறிக்காரன்:

அண்ணே, போனஸ் வரிசை போவட்டும். கிராஜுவிட்டிக்கும் அந்தத் தேதியைத்தான் எடுக்குதான்னு பாருங்க. வருசத்துக்கு 15 நாள் கூலி. 1924ல சேர்ந்த புள்ள வேலைய விட்டு நின்னா, உங்க முதலாளி நூறு வருசத்துக்குக் கணக்குப் பண்ணித் தரணும்.

மேட்டுக்காரன்:

இதை முதலாளிகிட்ட படிச்சுக் காட்டினேன். கிராஜுவிட்டி நாங்க கையாலதான் போடுறோம், கூலில அந்தக் கணக்கு இல்ல. ஆனாலும் மனுசன் எந்திரிச்சுட்டாரு. இன்னைக்கே தேதியை மாத்துங்குறாரு. லிப்ரே ஆபீஸ்லயே 61ஐயும் மாத்திச் சேமிச்சிரலாமா டீச்சர்?

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:

வேண்டாம். அதில் சேமித்தால் பத்தி அகலம் மாறிப்போகலாம், இண்டெக்ஸுக்கோ நீங்கள் மாற்றியதே தெரியாது. அப்புறம் கூலி ஒரு ஆளைத் தேடி இன்னொரு ஆளை எடுத்துவரும்.

ஹார்பர் என்று ஒரு கம்பைலர் இருக்கிறது, இலவசம். கிளிப்பர் மொழியை அப்படியே எடுத்துக்கொண்டு 64 பிட் எக்ஸ்இ ஆக்கித் தரும். அதே டிபிஎஃபையும் அதே இண்டெக்ஸையும் தொடும். மூலம் இருந்திருந்தால் உங்கள் கூலியையே அதில் போட்டுக் கொடுத்திருப்பேன், விடாஸும் வேண்டியதில்லை. சித்தப்பா வீட்டில் பழைய ஃபிளாப்பி எதுவும் கிடக்கிறதா என்று சித்தியைக் கேளுங்கள். மூலம் பிஆர்ஜி என்று முடியும் கோப்பில்தான் இருக்கும், அப்படி ஒன்று கிடைத்தாலும் எனக்குச் சொல்லுங்கள்.

இப்போதைக்குப் பத்து வரியில் ஒன்று எழுதித் தருகிறேன். சேர்ந்த தேதி 1950க்கு முன்னால் இருந்தால் நூறு வருடம் கூட்டும், இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும். ஒரு தடவை ஓட்டினால் போதாது. கூலி இனியும் 25ஐ 1925 என்றுதான் எழுதும். புது ஆள் சேர்க்கும் நாளில் எல்லோரும் வெளியே வந்தபின் ஓட்டுங்கள்.

ஆனால் அதற்கு முன் நகலில் கடந்த நான்கு வாரக் கூலியைப் புதிதாகப் போட்டு, கார்பன் சிலிப்போடு ஒவ்வொரு பெயராக ஒத்துப் பாருங்கள். 142 பெயர், நான்கு வாரம். அலுப்பாக இருக்கும். ஒரு பெயர் கூட விடாதீர்கள்.

மேட்டுக்காரன்:

எல்லாருக்கும் தகவல். விடாஸ்ல ஓடிருச்சு. நாலு வாரமும் ஒத்துப் பார்த்தேன், முதலாளி மகளும் கூட உக்காந்து பேர் படிச்சுது. 567 சிலிப்பு அச்சு அசலா வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு இடிச்சுது. என்னன்னு பார்த்தா அந்த வாரம் நானே பேனாவால திருத்திக் குடுத்த சிலிப்பு.

பிரிண்டர் டீச்சர் சொன்ன மாதிரிதான். முதல் தடவை ஸ்லாஷ் பி போட மறந்து, பாதியில நின்னுச்சு. அப்புறம் போட்டேன். சின்ன எழுத்துல கர்ருனு கத்திக்கிட்டு வந்துச்சு பாருங்க, எடை ரூம்ல இருந்து ஆளுக எட்டிப் பார்த்தாங்க.

எக்ஸ்பியை இப்போதைக்குப் பிரிச்சு விட்டாச்சு. எடையை அங்க நோட்டுல எழுதி, சாயங்காலம் நான் ஏத்திக்கிறேன்.

சனிக்கிழமை கூலி போட்டோம். சிலிப்பு அக்காவுக்கு நிறுத்த வேண்டிய 80 காசும், எக்செல் வாரத்துல குறைஞ்ச ரெண்டு ரூவாயும் சேர்த்து ஏத்தியிருந்தேன். வாங்கினாங்க, கவர்ல இருந்து பழைய சிலிப்பை எடுத்து ஓரத்தைப் பார்த்தாங்க, முடிஞ்சுக்கிட்டாங்க. ஒண்ணும் சொல்லல.

சித்தியைக் கேட்டேன். பரண்ல ஒரு பிஸ்கட் டின்னு இருக்காம், அதுல சதுரமா கறுப்பா என்னமோ கிடக்காம். ஞாயித்துக்கிழமை போறேன். டீச்சர், அதைப் படிக்கிற மெஷினு பாலக்காட்டுப் பக்கம் யாருகிட்டயாவது இருக்கா?